ஒரு காய்ச்சலுக்குள் கோடி திரிபுகள்

1989இல் கொழும்பு மருத்துவர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டார்கள். டெங்கு அவர்களுக்குப் புதிதல்ல. 1960களிலிருந்தே இலங்கையில் இருந்த நோய். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அந்த நான்குமே கொழும்பில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் பெரும்பாலானோருக்கு அது ஒரு கிழமைக் காய்ச்சலும் உடம்பு உளைவும்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிரையே பறிக்கக்கூடிய டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல் இங்கே மிக அரிது. 1989இல் அது திடீரெனப் பெருகியது. அந்த ஆண்டில் சுமார் 200 பேர். அடுத்த ஆண்டே ஆயிரத்துக்கும் மேல். அதன் பிறகு அது நாட்டை விட்டுப் போகவேயில்லை.

நுளம்பு பெருகி, நோய் முன்னைவிட அதிகம் பரவியதா? இல்லாதிருந்த வகையொன்று புதிதாக நுழைந்ததா? வில்லியம் மெசர், அரவிந்த டி சில்வா ஆகிய ஆய்வாளர்களின் குழு, கொழும்பு மருத்துவ நிலையங்களுக்குக் காய்ச்சலோடு வந்தவர்கள் பற்றிய தரவுகளை இரண்டு காலப்பகுதிகளில் ஒப்பிட்டது: 1980 முதல் 1984 வரை ஒன்று, 1997–98 மற்றொன்று. 2002இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. டெங்குப் பரவல் கூடியதால் இந்த நிலை வரவில்லை. வகைகளும் அதே நான்குதான். அப்படியானால் மாற்றம் வைரஸின் உள்ளேயே, டெங்கு-3 என்ற ஒரே வகைக்குள் நடந்திருக்க வேண்டும் என்ற ஐயம் எழுந்தது. பெயர் மாறாமல் ஒரு வைரஸ் எப்படி ஆள் மாறுகிறது? அதை அறிய, காய்ச்சல் கண்ட ஓர் உடம்புக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

பத்தாயிரத்து எழுநூறு எழுத்துகள்

டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் இருபதாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கிவிடலாம். அந்தச் சின்னஞ்சிறு உருண்டைக்குள் ஒற்றை இழை ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதுதான் ஆர்.என்.ஏ, வைரஸின் முழு மரபுரையும் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நியூக்கிளியோரைட்டு எனப்படும் நான்கு வகை எழுத்துகள். மொத்த நீளம் ஏறத்தாழ 10,700 எழுத்து. மனிதரின் மரபுரை 300 கோடி எழுத்துக்கும் மேல். டெங்குவின் மரபுரையோ நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தக் கட்டுரையின் அளவுதான்.

இவ்வளவு சிறிய உரையிலிருந்து பத்தே புரதங்கள் உருவாகின்றன. அவை தனித்தனியாக உருவாவதுமில்லை. மனிதக் கலம் அந்த ஆர்.என்.ஏயைத் தன்னுடைய செய்தி என்று நம்பி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவெளியின்றி வாசித்து, ஒரே நீண்ட புரதச் சங்கிலியாகக் கட்டிக் கொடுக்கிறது. பிறகு அந்தச் சங்கிலி குறித்த இடங்களில் வெட்டப்பட்டுப் பத்துத் துண்டாகிறது. மூன்று துண்டுகள் வைரஸின் உடலைக் கட்டும். மீதி ஏழும் கலத்துக்குள்ளேயே நின்று வேலை பார்க்கும். அந்த ஏழில் மிகப் பெரியது என்.எஸ்.5. வைரஸைப் படியெடுப்பது இதன் பொறுப்பு. திரிபுகளின் கதை முழுவதும் இந்த ஒரு புரதத்தின் கையில்தான் தொடங்குகிறது.

சரிபார்க்க ஆளில்லாத படியெடுப்பு

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூல் நிலைக்க வேண்டுமானால் அதைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும்போது எழுத்து மாறும். அந்தப் பிழையோடு உள்ள ஏட்டிலிருந்து அடுத்தவர் படியெடுத்தால் பிழையும் சேர்ந்தே போகும். நம் கலங்கள் டி.என்.ஏயைப் படியெடுக்கும் முறையில் இதற்குக் கடுமையான காவல் உண்டு. எழுதும் நொதியமே ஒவ்வோர் எழுத்தையும் பதித்தவுடன் சரிபார்த்து, தவறென்றால் பின்வாங்கி, அதைக் கழற்றிவிட்டு மீண்டும் எழுதுகிறது. அதையும் தப்பிய பிழைகளைத் தேடித் திருத்த வேறு புரதங்கள் பின்னால் வருகின்றன. இத்தனைக்கும் பிறகு எஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்றுக்கும் குறைவு.

என்.எஸ்.5க்கு அந்தக் காவல் கிடையாது. எழுதியது எழுதியதுதான். இப்படிப்பட்ட நொதியங்கள் பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் ஒரு இலட்சம் எழுத்துக்கு ஒன்று வரை பிழை விடுகின்றன. இந்தப் பிழைக்கு விகாரம் என்று பெயர். படியெடுப்பும் ஒரே தாண்டலில் முடிவதில்லை. முதலில் மூல இழைக்கு எதிரிழை ஒன்று எழுதப்படுகிறது. அந்த எதிரிழையைப் பார்த்துப் புதிய இழைகள் ஏராளமாக எழுதப்படுகின்றன. எதிரிழையில் ஒரு பிழை விழுந்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் அத்தனை இழைகளும் அந்தப் பிழையோடுதான் பிறக்கும்.

ஒரு மில்லிலீற்றருக்குள்

மட்டக்குளியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். களனி கங்கை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய, வீடுகள் நெருங்கிய பகுதி. தென்மேற்குப் பருவமழை விட்டுச் சில நாட்களாகின்றன. பிள்ளைக்கு நுளம்பு கடித்து நாலு முதல் ஏழு நாட்கள் கழிந்து காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே இரத்தத்தில் வைரஸ் பெருகத் தொடங்கிவிட்டது.

உச்ச நாட்களில், ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் வைரஸ் ஆர்.என்.ஏயின் பத்துக் கோடிப் படிகள் இருக்கலாம். இலங்கையின் சனத்தொகையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இப்போது ஒரு சிறு கணக்கு. பிழை விகிதத்தைக் குறைந்த அளவிலேயே வைத்துக்கொள்வோம்: ஒரு இலட்சம் எழுத்துக்கு ஒரு பிழை. வைரஸின் நீளம் 10,700 எழுத்து என்பதால், பத்துப் படிக்கு ஒரு படியில் பிழை இருக்கும். பத்துக் கோடியில் ஒரு கோடிப் படிகள்.

ஒரே ஓர் எழுத்தை மாற்றி டெங்கு வைரஸில் எத்தனை விதத் திரிபுகளை உண்டாக்கலாம்? ஒவ்வோர் இடத்திலும் மற்ற மூன்று எழுத்துகளில் ஒன்று வரலாம். ஆகவே 10,700ஐ மூன்றால் பெருக்கினால் 32,100. அந்த ஒரு கோடியை 32,100ஆல் வகுத்துப் பாருங்கள். சாத்தியமான ஒவ்வொரு மாற்றமும் அந்த ஒரே மில்லிலீற்றருக்குள் சராசரியாக 300 தடவை எழுதப்பட்டிருக்கிறது! பிள்ளையின் உடம்பில் ஓடுவதோ ஏறத்தாழ இரண்டு லீற்றர் இரத்தம். ஓரெழுத்து மாற்றங்களில் டெங்கு முயன்று பார்க்காதது என்று ஒன்றுகூட மிச்சமில்லை. அதுவும் ஒரே பிள்ளையில், ஒரே காய்ச்சலில்.

தனியன் அல்ல, திரள்

ஆகவே 'ஒரு வைரஸ் தொற்றியது' என்று சொன்னாலும், உடம்புக்குள் இருப்பது ஒன்றுக்கொன்று ஓரிரு எழுத்து வேறுபட்ட பெரும் திரள். ஜேர்மன் வேதியியலாளர் மான்பிரெட் ஐகன் 1970களில் இந்தக் கருத்துக்குக் கணித அடிப்படை அமைத்தார். அறிவியலில் இதைக் குவாசிஸ்பீசிஸ் என்பார்கள். திரிபுத்திரள் என்று நாம் சொல்லலாம். இயற்கைத் தேர்வு இங்கே தனியொரு வைரஸை அல்ல, ஒரு திரளையே எடைபோடுகிறது.

இது வெறும் கோட்பாடு அல்ல என்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மார்கோ வினியூஸி, ரவுல் அந்தினோ ஆகியோரின் குழு, வழக்கத்தைவிடப் பிழை குறைவாகப் படியெடுக்கும் போலியோ வைரஸ் ஒன்றை எலிகளில் பரிசோதித்தது. போலியோவும் ஆர்.என்.ஏ வைரஸ்தான். பிழை குறைந்தால் வைரஸ் வலுவடையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அந்தத் துல்லியமான வைரஸ் எலியின் மூளையை எட்டத் தடுமாறியது. அதன் திரளில் செயற்கையாகப் பிழைகளைக் கூட்டியதும் இழந்த வலு திரும்ப வந்தது. திரளில் பல விதத்தவை இருந்தால்தான் மூளைவரை வழியில் வரும் ஒவ்வொரு தடையையும் ஏதோ ஒன்றாவது கடக்கும். கடந்தவற்றின் துணையோடு மற்றவையும் கடந்துவிடும்.

திரளுக்குள் உதவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மியன்மாரில் ஒரு சான்று கிடைத்தது. அங்கே டெங்கு-1 வைரஸ்களை ஆராய்ந்த ஜோன் ஆஸ்கொவ் குழு, வெளியுறைப் புரதத்தை எழுதும் பகுதியின் நடுவிலேயே 'இத்துடன் நிறுத்து' என்ற குறி விழுந்துவிட்ட ஒரு வைரஸைக் கண்டது. அதனால் தனக்கென ஓர் உறையை உருவாக்க முடியாது. தனியே விட்டால் ஒரு தலைமுறையோடு அழிய வேண்டியது. ஆனால் நல்ல வைரஸ் ஒன்றும் இந்த முடமான வைரஸும் ஒரே கலத்துக்குள் நுழைந்தால், நல்லது உண்டாக்கும் உறைகளில் சில முடமானதற்கும் கிடைக்கின்றன. இப்படி இரவல் உறையில் மனிதரிலிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து மனிதருக்குமாக அது குறைந்தது ஒன்றரை ஆண்டு வாழ்ந்திருந்தது.

ஆண்டுக்கு எட்டே எழுத்து

இத்தனை கோடித் திரிபுகள் பிறந்தால், டெங்கு மாதத்துக்கு மாதம் அடையாளம் தெரியாமல் மாற வேண்டும் அல்லவா? உண்மையில் ஒரு டெங்கு வம்சத்தில் நிலைத்து நிற்கும் மாற்றங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு எழுத்துகள்தான். ஒரே உடம்பில் ஒரு கிழமைக்குள் 32,100 மாற்றங்களும் எழுதப்படுகின்றன. ஊர் ஊராக ஓர் ஆண்டு சுற்றிய பிறகு எட்டுத்தான் மிஞ்சுகின்றன. மீதியெல்லாம் எங்கே போயின?

பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே அழிந்தன. நன்றாக இயங்கும் ஓர் உரையில் கண்மூடித்தனமாக ஓர் எழுத்தை மாற்றினால் அது கெடும் வாய்ப்பே அதிகம். ஒரு புரதம் சரியாக மடியாது. அல்லது வெட்ட வேண்டிய இடத்தில் சங்கிலி வெட்டுப்படாது. சில மாற்றங்கள் மட்டும் எதையும் பாதிக்காமல் போகின்றன. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும் முறையில், மூன்றாவது எழுத்து மாறினாலும் பல இடங்களில் பொருள் மாறுவதில்லை.

டெங்குவுக்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது இரண்டு உலகங்களில் வாழ வேண்டும். 39 பாகைக் காய்ச்சலில் கொதிக்கும் மனித உடம்பு ஒன்று; கொழும்பின் காற்றளவே சூடான நுளம்பின் உடம்பு மற்றொன்று. கலங்கள் வேறு, எதிர்ப்பு முறை வேறு. மனிதருக்குள் வைரஸை வேகமாகப் பெருகச் செய்யும் ஒரு மாற்றம் நுளம்புக்குள் அதைச் செயலிழக்கச் செய்தால், அந்த மாற்றத்தின் ஆயுள் அந்தக் காய்ச்சலோடு முடிந்தது. இரண்டு உலகங்களிலும் தேறினால்தான் அடுத்த படி.

நுளம்பின் வயிற்றில்

தேறினாலும் போதாது, தற்செயலும் கைகொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பகலில் ஒரு பெண் நுளம்பு கடிக்கிறது. கால்களில் வெள்ளை வளையங்கள் கொண்ட ஈடிஸ் எஜிப்டை. அது உறிஞ்சுவது இரண்டு மூன்று மைக்ரோலீற்றர், அதாவது ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. அதற்குள்ளும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வைரஸ் படிகள் இருக்கலாம். இவற்றில் நுளம்பின் குடற்சுவரில் காலூன்றுபவை எத்தனை? ஆய்வுக்கூட நுளம்புகளில் அளந்தபோது கிடைத்த விடை: ஐந்து முதல் நாற்பத்திரண்டு.

இரண்டு இலட்சத்திலிருந்து ஐந்து! அந்த ஐந்தும் திரளிலேயே மிகச் சிறந்தவை என்று சொல்ல முடியாது. நுளம்பு குத்திய இடத்தில், அந்தக் கணத்தில் இருந்தவை. வியட்நாம் நோயாளிகளின் இரத்தத்தையும் அதைக் குடித்த நுளம்புகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், மனிதரிடம் காணப்பட்ட திரிபுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நுளம்புக்கு மாறும்போதே தொலைந்துவிட்டன. எஞ்சிய சிலவற்றிலிருந்து நுளம்புக்குள் மறுபடியும் பிழைகள், மறுபடியும் ஒரு திரள். எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் அந்தத் திரள் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டுகிறது. அடுத்த வீட்டில் யாரையாவது கடிக்கும்போது மறுபடியும் ஒரு சில மட்டுமே உள்ளே போகின்றன. அரிய திரிபு ஒன்று வெறும் தற்செயலால் முன்னணிக்கு வருவதும், நல்ல திரிபு ஒன்று தடமின்றி மறைவதும் இங்கேதான்.

ஓர் எழுத்தின் வலிமை

எப்போதாவது ஒருமுறை திறமையும் தற்செயலும் ஒரே எழுத்தில் கூடிவிடுகின்றன. நுளம்பால் பரவும் இன்னோர் ஆர்.என்.ஏ வைரஸான சிக்குன்குன்யாவில் இதைக் கண்கூடாகக் காணலாம். 2005–06இல் இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில் அது மூன்றில் ஒருவரைத் தொற்றியது. அங்கே அதிகம் இருந்தது ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற வேறொரு நுளம்பு. முன்பு சிக்குன்குன்யா அதில் அவ்வளவு நன்றாக வளர்ந்ததில்லை. வைரஸின் உறைப் புரதத்தில் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோவமிலத்துக்குப் பதிலாக வலின் வந்திருந்தது. மரபுரையில் மாறியது ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தால் வைரஸ் புதிய நுளம்பில் பல மடங்கு எளிதாகத் தொற்றியது.

அதைவிட வியப்பு அடுத்தது. 2006 இறுதியில் சிக்குன்குன்யா இலங்கைக்கும் வந்தது. 2007இல் கேரளத்தில் பெரிதாகப் பரவியது. இறப்பர்த் தோட்டங்கள் நிறைந்த கேரளத்திலும் அல்போபிக்டஸ்தான் அதிகம். அங்கே எடுத்த வைரஸிலும் அதே 226ஆவது இடத்தில் அதே மாற்றம். ரீயூனியனிலிருந்து போனதல்ல, தனியாக, இரண்டாம் முறை பிறந்தது. எல்லா எழுத்து மாற்றங்களும் எல்லா உடம்பிலும் எழுதப்பட்டுக்கொண்டே இருப்பதால், சூழ்நிலை அமைந்த இடத்தில் அதற்குப் பொருந்தும் மாற்றம் தானாக மேலெழுகிறது.

பாடபேதம் காட்டும் வம்சாவளி

பிழைகள் வைரஸுக்கு உதவுவதைப் போலவே நமக்கும் ஒரு பெரிய உதவி செய்கின்றன. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் போன்ற பதிப்பாசிரியர்கள், கிடைத்த ஏட்டுப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து இறங்கியவை என்று ஊகிக்கலாம். வைரஸ் ஆய்வாளர் செய்வதும் அதையேதான். பல நோயாளிகளின் வைரஸ் மரபுரைகளை வரிசைப்படுத்தி, பொதுவான பிழைகளைத் தேடி, எது எதிலிருந்து பிரிந்தது என்று கிளைவிட்ட வம்சாவளி ஒன்றை வரைகிறார்கள். ஆண்டுக்கு எட்டு எழுத்து என்ற வேகமும் தெரிவதால், கிளை பிரிந்த காலத்தையும் ஏறத்தாழக் கணித்துவிட முடிகிறது.

மெசர், டி சில்வா குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. இலங்கையில் 1989க்கு முன்பு எடுத்த டெங்கு-3 மாதிரிகளும் அதற்குப் பின்பு எடுத்தவையும் வம்சாவளியில் வேறு வேறு கிளைகளில் போய் அமர்ந்தன. இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய ஒரே உபவகையைச் சேர்ந்தவை. ஆனால் 1989 வாக்கில் புதிய திரிபொன்று இங்கே தோன்றியிருந்தது. கடுமையான நோய் தலைகாட்டிய காலமும் அதுவே. கொழும்பு மருத்துவர்கள் பார்த்த மாற்றத்துக்கும் இந்தக் கிளை மாற்றத்துக்கும் காலம் கச்சிதமாகப் பொருந்தியது.

கதை இலங்கையோடு நிற்கவில்லை. கிழக்கு ஆபிரிக்காவில் எடுத்த மாதிரிகளும், 1994இல் நிகராகுவாவிலும் பனாமாவிலும் எடுத்தவையும் அதே உபவகையில் நெருங்கிய உறவாக வந்து சேர்ந்தன. இந்தத் திரிபு 1980களில் துணைக்கண்டத்திலிருந்து ஆபிரிக்காவுக்கும், 1990களின் நடுப்பகுதியில் அங்கிருந்து இலத்தீன் அமெரிக்காவுக்கும் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் முடிவு. ஐம்பது நனோமீற்றர் உருண்டை ஒன்றின் பயணத்தை, அது வழிநெடுகக் கொண்டுபோன எழுத்துப் பிழைகளே காட்டிக் கொடுத்தன.

ஊரின் இரத்தமும் ஒரு சூழல்

திரிபு வெல்வதற்கு அதன் எழுத்துகள் மட்டும் காரணமல்ல. அது வந்து சேரும் ஊரின் நினைவும் காரணம். ஒருமுறை டெங்கு வந்தால், அந்த வகைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நெடுங்காலம் உடம்பில் தங்கி அதைத் தடுக்கும். மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களே. பிறகு வேறு வகை நுழைந்தால் நிலைமை தலைகீழாகலாம். பழைய பிறபொருளெதிரி புதிய வைரஸைப் பிடித்துக்கொள்கிறது; ஆனால் அதைச் செயலிழக்கச் செய்ய அதற்கு வலுவில்லை. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்கும் நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த வைரஸையும் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. டெங்கு பெருக மிகவும் விரும்பும் இடம் அந்தக் கலங்கள்தான். இரண்டாவது டெங்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது முக்கிய காரணம். வைரஸ் பெருகப் பெருக, எழுதப்படும் படிகளும் பிழைகளும் சேர்ந்தே பெருகுகின்றன.

2017இல் இலங்கை இதன் விலையைக் கண்டது. முந்தைய ஆண்டுகளில் டெங்கு-1 அதிகம் சுற்றியிருந்தது. டெங்கு-2க்கு எதிர்ப்பு இல்லாதவர்கள் பல இலட்சம் பேர். 2016 பிற்பகுதியில் டெங்கு-2 மேலெழுந்தது. அடுத்த ஆண்டு பதிவான டெங்கு நோயாளிகள் 1,86,101 பேர். நாட்டின் வரலாற்றில் அதுவரை காணாத எண்ணிக்கை. மாவட்டங்களில் கொழும்பே முதலிடம்.

சரிபார்க்கும் வைரஸ்

ஆர்.என்.ஏ வைரஸ்கள் எல்லாமே இவ்வளவு கவனமற்றவை அல்ல. கொரோனா வைரஸின் மரபுரை ஏறத்தாழ 30,000 எழுத்து. டெங்குவைப்போல் மூன்று மடங்கு. அவ்வளவு நீளமான உரையைச் சரிபார்க்காமல் எழுதினால் பிழைகள் குவிந்து வைரஸே அழிந்துவிடும். அதனால் அதற்கென்றே ஒரு திருத்துநர் புரதம் உண்டு. தவறாகச் சேர்ந்த எழுத்தை வெட்டி எடுப்பது அதன் வேலை. இருந்தும் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறி நிலைத்தன.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்பு களனி கங்கைக்கு அக்கரையிலுள்ள பேலியகொடை மீன் சந்தையிலும் கொத்துக் கொத்தாகக் கொரோனாத் தொற்று வெளிப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் வந்துவிட்டன. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் நீலிகா மாளவிகே, சந்திம ஜீவந்தர குழுவினர் மாதிரிகளை வாசித்தபோது, நாட்டில் பரவியது பி.1.411 என்ற, பெரும்பாலும் இலங்கைக்கே உரிய வம்சம் என்று தெரிந்தது. 2021 ஏப்ரலில் அல்பா என்ற திரிபு அதைத் தள்ளியது. யூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா என்ற இன்னொரு திரிபு சமூகத்துக்குள் கண்டறியப்பட்டது; சில கிழமைகளில் அது அல்பாவையும் தள்ளிவிட்டு, ஏ.வை.28, ஏ.வை.104 என்று இலங்கைக்கே உரிய கிளைகளையும் விட்டது.

இதில் அல்பா ஒரு தனிப் புதிர். புரதங்களைப் பாதிக்கும் 17 மாற்றங்கள் அதில் ஒரேயடியாகத் தோன்றியிருந்தன. இடைப்பட்ட படிகள் எவரிடமும் காணப்படவில்லை. பலரும் ஏற்கும் விளக்கம் நோயெதிர்ப்பு குன்றிய ஒருவரின் உடம்பு. டெங்கு ஒரு கிழமையில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும். கொரோனாவோ அத்தகையோரில் மாதக்கணக்கில் தங்கலாம்; அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு நோயாளியிடம் 154 நாட்கள் தொடர்ந்தது. உடம்பு வைரஸை ஒழிக்க வலுவின்றி, ஆனால் விடாமல் எதிர்க்கிறது. தப்பும் திரிபுகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஆளிலிருந்து ஆளுக்கு மாறும்போது நேரும் இழப்பு அங்கே இல்லாததால், சேர்ந்தது எதுவும் தொலைவதுமில்லை. நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்குத் தடுப்பூசியும் சிகிச்சையும் முந்திக் கிடைக்க வேண்டும் என்பதற்கு, அவர்களுடைய உயிரோடு இதுவும் ஒரு காரணம்.

படிகளைக் குறைத்தல்

என்.எஸ்.5 பிழை விடுவதை நம்மால் தடுக்க முடியாது. அது எழுதும் படிகளின் எண்ணிக்கையை மட்டும் நம்மால் குறைக்க முடியும். ஒரு தொற்றைத் தவிர்த்தால் பல்லாயிரம் கோடிப் படிகள் எழுதப்படாமல் போகின்றன. அவற்றோடு நுளம்பு அள்ளிக்கொள்ளும் வாய்ப்புகளும் போகின்றன.

வீட்டு வளவில் கிடக்கும் ஒரு யோகட் கப்பை மழைக்குப் பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் சின்னப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து, நீர்ப்பரப்பில் வாலை ஒட்டி மூச்சு வாங்கிவிட்டு, நிழல் பட்டதும் சட்டென்று கீழே இறங்கும். அவை ஈடிஸின் குடம்பிகள். நம் வெக்கைக்கு, முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாக எட்டிலிருந்து பத்து நாட்கள் வரை ஆகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிழமைக்கு ஒருதரம் துப்புரவு செய்யச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்: ஏழு நாட்களுக்கு ஒருமுறை நீரைக் கொட்டினால் எந்தக் குடம்பியும் சிறகு முளைக்கும் வரை தப்பாது. நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. ஈடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும்; அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். எனவே பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரைப்பீலி எதுவானாலும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சிரட்டையையும் யோகட் கப்பையும் வளவில் விடாமல் அகற்றிவிடுங்கள்.